அழித்த கோப்பு போன இடம்: லினக்ஸில் அறிகுறி பார்த்து மீட்கும் வழிமுறை

லினக்ஸில் கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்கு வாய் கிடையாது. ‘அழிக்கட்டுமா?’ என்று கேட்பதில்லை. ‘அழித்துவிட்டேன்’ என்று சொல்வதும் இல்லை. அடுத்த வரியில் கர்சர் மினுக்கும்போதுதான் நாம் நிற்பது தப்பான கோப்புறை என்று உறைக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ‘முதலில் கணினியை அணை!’

பெரும்பாலும் அது சரியான யோசனைதான். ஆனால் மீட்பதற்கு மிகச் சுலபமான ஒரு நிலைமை இருக்கிறது; அந்த நிலைமையில் அணைப்பதுதான் கோப்பைக் கொல்கிறது. எனவே பொத்தானில் கை வைப்பதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் கோப்புறையில் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளடக்கம் எங்கே கிடக்கிறது என்ற விவரம் ஐநோடு என்னும் பதிவில் இருக்கிறது. ‘ஆர்எம்’ செய்வது வாசலில் உள்ள பெயர்ப் பலகையைக் கழற்றும் வேலை. வீட்டுக்குள் யாராவது குடியிருக்கும்வரை, அதாவது ஏதாவது ஒரு புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை, வீட்டை இடிக்க மாட்டார்கள். குடியிருந்தவரும் போன பிறகுதான் மனை காலி என்று குறிக்கப்படும். அதன் பிறகும் புதிய ஆள் கட்டடம் எழுப்பும்வரை பழைய செங்கல் அங்கேயே கிடக்கும்.

கட்டளைகளை வெட்டி ஒட்டும் வடிவில் நான் தரவில்லை. தொலைபேசியில் சொல்வதுபோலவே சொல்கிறேன். பதற்றத்தில் ஒட்டிய கட்டளை இரண்டாவது விபத்தில் முடிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்களே தட்டச்சு செய்யுங்கள். என்டர் தட்டும் முன் ஒருமுறை படியுங்கள்.

கோப்பைக் காணவில்லை, ஆனால் அழித்த நினைவும் இல்லை

இது பாதி நேரம் அழிவே அல்ல. பெயரின் முதல் எழுத்தாகப் புள்ளி விழுந்திருந்தால் கோப்பு மறைந்துவிடும். கோப்பு மேலாளரில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் தெரியும். ஒரு கோப்புறை முழுவதும் காலியாகத் தெரிந்தால், அதன்மேல் வேறொரு வட்டு மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது அந்தக் கோப்புறையின் இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேலே புதிதாக மவுண்ட் ஆனது அடியில் இருப்பதை மூடிவிடும், அழிக்காது. அதை அவிழ்த்தால் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். இதை அறியாமல் காலியாகத் தெரிந்த கோப்புறையில் இரவெல்லாம் மீட்பு மென்பொருள் ஓட்டியவர்களில் நானும் ஒருவன்.

கோப்பு மேலாளரில் டெலீட் விசையை மட்டும் அழுத்தினேன்

குப்பைத்தொட்டியில் இருக்கும். உங்கள் ஹோம் கோப்புறையில் ‘.லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘டிராஷ்’ என்று போனால் ‘ஃபைல்ஸ்’, ‘இன்ஃபோ’ என இரண்டு கோப்புறைகள் இருக்கும். முதலாவதில் கோப்பு, இரண்டாவதில் அது எங்கிருந்து, எப்போது வந்தது என்ற குறிப்பு. தமிழில் பெயர் வைத்த கோப்பானால் அந்தக் குறிப்பைத் திறந்ததும் மிரள வேண்டாம். ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறிகளும் பதினாறடிமான எண்களுமாகத் தெரியும். பெயர் கெட்டுப்போகவில்லை, எழுதும் முறை அப்படி.

பென்டிரைவில் அழித்தவை உங்கள் ஹோமுக்கு வருவதில்லை. பென்டிரைவிலேயே ‘.டிராஷ்-1000’ என்ற மறைந்த கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். 1000 என்பது கணினியின் முதல் பயனருக்கு வழக்கமாகக் கிடைக்கும் எண். ‘எல்லாவற்றையும் அழித்தும் பென்டிரைவில் இடம் வரவில்லை’ என்பவர்களுக்கும் பதில் இதுதான்.

ஷிஃப்ட் சேர்த்து அழுத்தியிருந்தாலோ ‘ஆர்எம்’ கொடுத்திருந்தாலோ குப்பைத்தொட்டிப் பக்கம் போக வேண்டாம். அங்கே எதுவும் இருக்காது.

அழித்துவிட்டேன், ஆனால் பாட்டு இன்னும் ஓடுகிறது

அல்லது பதிவு இன்னும் நடக்கிறது. அல்லது சர்வரில் 40 ஜிபி லாக் கோப்பை அழித்தும் ‘டிஎஃப்’ காட்டும் காலியிடம் ஒரு துளியும் கூடவில்லை. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ ஒரு கணக்குச் சொல்கிறது, ‘டிஎஃப்’ வேறொரு கணக்குச் சொல்கிறது. இந்த அறிகுறி தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். வீட்டில் இன்னும் குடியிருக்கிறார்கள். கணினியை அணைக்காதீர்கள், அந்தப் புரோகிராமை மூடாதீர்கள்.

எனக்கே நடந்த கதை. எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பழைய நாட்களைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வட்டில் இடம் குறைகிறதே என்று பக்கத்து ஜன்னலில் பழைய பதிவுகளை அழிக்கப் போய், ஓடிக்கொண்டிருந்த பதிவையும் சேர்த்து அழித்துவிட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பதிவுப் புரோகிராமும் ஒன்றும் நடக்காததுபோல எழுதிக்கொண்டே இருந்தது.

செய்தது இதுதான். பதிவு ஓடும் டெர்மினலில் கன்ட்ரோல்-இசட் அழுத்தினேன். இது புரோகிராமைக் கொல்லாமல் உறைய வைக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிறகு இன்னொரு டெர்மினலில் ரூட் அதிகாரத்தோடு ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையைக் கொடுத்தேன். ஓர் இடைவெளி விட்டு, கூட்டல் குறி, பெரிய எழுத்து எல், எண் 1 ஆகிய மூன்றையும் ஒட்டி எழுத வேண்டும். ‘பெயர் இல்லாமல் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் காட்டு’ என்பது அதன் பொருள். பத்துப் பதினைந்து வரிகள் வந்தன. பெரும்பாலானவை டெஸ்க்டாப்பின் தற்காலிகக் கோப்புகள். நடுவில் ஒரு வரியில் முதல் பத்தியில் பதிவுப் புரோகிராமின் பெயர், அடுத்த பத்தியில் 4127 என்ற செயல் எண், நான்காம் பத்தியில் ‘5டபிள்யூ’, கடைசியில் என் கோப்பின் பழைய பாதையும் அடைப்புக்குறிக்குள் ‘டெலீட்டட்’ என்ற சொல்லும்.

மூலக் கோப்புறையில் ‘ப்ராக்’ இருக்கிறது. அதற்குள் 4127, அதற்குள் ‘எஃப்டி’, அதற்குள் 5. அந்தப் பாதையைச் சாதாரண ‘சிபி’ கட்டளையால் பென்டிரைவுக்கு நகல் எடுத்தேன். இங்கே பழக்க தோஷத்தில் ‘சிபி’யுடன் ‘-ஏ’ சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் உள்ளடக்கம் வராது. எங்கும் போகாத ஓர் இணைப்பு மட்டும் நகலாகும். ‘எம்வி’யும் உதவாது. நகலை இயக்கிப் பார்த்தபோது கோப்பின் தலைப்பில் இருந்த கால அளவு தவறாக இருந்தது. பதிவை முறைப்படி நிறுத்தும்போதுதான் புரோகிராம் சரியான அளவை எழுதும். ஒலித் திருத்தியில் திறந்து மறுபடி சேமித்ததும் சரியாகிவிட்டது. பெரியவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எல்லாப் புரோகிராம்களும் இப்படிக் கோப்பைப் பிடித்து வைத்திருப்பதில்லை. உரைத் திருத்திகள் பொதுவாகக் கோப்பைப் படித்துவிட்டு மூடிவிடும். கட்டுரை திரையில் தெரிந்துகொண்டிருந்தால் இந்த வித்தைகள் எதுவும் தேவையில்லை. வேறொரு வட்டில், வேறு பெயரில் சேமியுங்கள், போதும். விம் என்னும் உரைத் திருத்தியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அதன் இடைமாற்றுக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குகிறது. ‘ஆர்எம்’முடன் நட்சத்திரக் குறி கொடுத்து அழிக்கும்போது புள்ளியில் தொடங்கும் கோப்புகள் பொதுவாகத் தப்பிவிடும். திருத்திக்கொண்டிருக்கும்போதே அழித்திருந்தால், ‘விம் -ஆர்’ கொடுத்து அதிலிருந்து எடுத்துவிடலாம்.

யாரும் திறந்து வைத்திருக்கவில்லை, வட்டு எக்ஸ்ட்4

எக்ஸ்ட்4 என்பது வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்று. உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருக்கும் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இது. இப்போது எழுதுவதை நிறுத்த வேண்டும். பிரவுசர் திறந்திருந்தாலே போதும், அது நிமிடத்துக்கு நிமிடம் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவுவது இன்னும் மோசம். நீங்கள் நிறுவும் புரோகிராமே நீங்கள் தேடும் கோப்பின்மேல் போய் உட்காரலாம்.

ஹோம் தனிப் பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பிரிவில்) இருந்தால் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் மறுபடி மவுண்ட் செய்ய முயலுங்கள்: ‘மவுண்ட்’ கட்டளைக்கு ‘-ஓ’, பிறகு ‘ரீமவுண்ட்’, காற்புள்ளி, ‘ஆர்ஓ’. ‘பிஸி’ என்று மறுத்தால், அல்லது ஹோமும் சிஸ்டமும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால், இப்போது அணைக்கலாம். பிறகு பென்டிரைவில் உள்ள, வட்டில் நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸிலிருந்து தொடங்குங்கள்.

லைவ் லினக்ஸ் வந்ததும் வட்டின் படத்தைச் சொடுக்கித் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். எக்ஸ்ட்4 வட்டைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்தாலும், சரியாக மூடப்படாத ஜர்னலை, அதாவது வட்டின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் குறிப்பேட்டை, அது தானாகவே ஓட்டிச் சரிசெய்யும். நமக்குத் தேவையான பழைய தடயம் அந்த ஜர்னலில்தான் இருக்கிறது. மவுண்ட் செய்யாமலே, பார்ட்டிஷன் முழுவதையும் ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு வெளி வட்டில் ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள். 500 ஜிபி பார்ட்டிஷனுக்கு 500 ஜிபி இடம் வேண்டும், குறுக்கு வழி இல்லை. இனி என்ன தப்பு செய்தாலும் அந்தப் பிரதியின்மேல்தான் செய்வீர்கள்.

எக்ஸ்ட்2 காலத்தில் மீட்பது சுலபம். கோப்பை அழித்தாலும் அதன் உள்ளடக்கம் கிடக்கும் பிளாக்குகள் (வட்டின் சிறு துண்டுகள்) எங்கே இருக்கின்றன என்ற முகவரி ஐநோடில் அப்படியே இருக்கும். எக்ஸ்ட்3 முதல், அழிக்கும்போதே அந்த முகவரியையும் துடைத்துவிடுகிறார்கள். மிஞ்சியிருப்பது ஜர்னலில் தற்செயலாகத் தங்கிய ஐநோடின் பழைய நகல். ‘எக்ஸ்ட்4மேஜிக்’, ‘எக்ஸ்ட்அன்டெலீட்’ இரண்டும் அதைத்தான் தேடுகின்றன. ஜர்னல் சுற்றிச் சுற்றி எழுதப்படுவது. நிரம்பியதும் முதலிலிருந்து தொடங்கிவிடும். எனவே அழித்து ஐந்து நிமிடத்தில் தேடுவதற்கும் ஐந்து நாள் வேலை செய்துவிட்டுத் தேடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

‘எக்ஸ்ட்அன்டெலீட்’ பழைய மென்பொருள். புதிய வட்டுகளில் பாதியில் விழுந்துவிடுவது உண்டு. விழுந்தால் ‘எக்ஸ்ட்4மேஜிக்’ பக்கம் போங்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் பாதையைக் கொடுப்பதில் இருக்கிறது. ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் ‘ஹோம்’ என்ற சொல்லைப் பாதையில் சேர்க்கக் கூடாது. அந்தப் பார்ட்டிஷனுக்குத் தன்னை ஹோம் என்று அழைப்பதே தெரியாது. அதன் கணக்கில் பாதை உங்கள் பயனர் பெயரில்தான் தொடங்குகிறது. மீட்டவற்றை நீங்கள் நிற்கும் கோப்புறையிலேயே கொட்டும் என்பதால், வெளி வட்டில் நின்றுகொண்டு ஓட்டுங்கள்.

இரண்டும் கைவிட்டால் ஃபோட்டோரெக். பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிடிஎஃப், ஓடிடி (லிப்ரேஆபிஸ் ஆவணம்), எம்பி3 என நூற்றுக்கணக்கான வகைகளை அடையாளம் காணும். அது பெயரையும் கோப்புறையையும் சட்டை செய்வதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாள பைட்டுகளை வட்டில் தேடி, அங்கிருந்து வெட்டி எடுக்கிறது. அதனால் கல்யாணப் படத்தின் பெயர் ஓர் எழுத்தும் ஏழெட்டு இலக்கமுமாகத் திரும்பி வரும். கூடவே பிரவுசர் தேக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான விளம்பரப் படங்களும் வரும். இதைக் குறைக்க இரண்டு அமைப்புகள் உண்டு: எல்லா வகைகளையும் நீக்கிவிட்டு உங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பது, முழு வட்டுக்குப் பதிலாகக் காலியிடத்தில் மட்டும் தேடச் சொல்வது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய கோப்புகள் பாதிதான் வரும். படத்தின் மேல் பாதியில் மணமக்களும் கீழ்ப் பாதியில் சாம்பல் நிறமும் இருந்தால் காரணம் அதுதான்.

தேடியது தமிழில் எழுதிய வெறும் உரைக் கோப்பு

வெறும் உரைக்கு அடையாள பைட்டுகள் கிடையாது என்பதால் ஃபோட்டோரெக் இங்கே தடுமாறும். உள்ளே இருந்த ஒரு சொல் உங்களுக்கு நினைவிருந்தால், வட்டின் பிரதியையே ஒரு பெரிய உரையாகப் பாவித்து ‘கிரெப்’ கட்டளையால் தேடலாம். இருமக் கோப்பையும் உரையாகவே படிக்கச் சொல்லும் ‘-ஏ’ வேண்டும். கிடைத்த வரிக்கு முன்னும் பின்னும் சில நூறு வரிகளையும் கேளுங்கள். விடையை வெளி வட்டில் சேமியுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சொல்லாத மூன்று சிக்கல்கள் நமக்கு உண்டு. வட்டிலிருந்து உரையை மட்டும் வடிகட்ட எல்லோரும் பரிந்துரைப்பது ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளை. இயல்பாக அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே உரை என்று கருதும். தமிழைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். ‘-இ’ கொடுத்து, பக்கத்தில் பெரிய எழுத்து எஸ் கொடுத்தால்தான் எட்டு பிட் எழுத்துகளையும் விட்டுவைக்கும். சின்ன எஸ் கொடுத்தால் மறுபடியும் ஆங்கிலம் மட்டுமே.

இரண்டாவது, தேடும் சொல்லில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரக் கூடாது. ‘கோ’ என்ற எழுத்தின் குறியை ஒரே யூனிகோடு குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வட்டில் பைட்டுகள் வேறு. அன்று நீங்கள் பயன்படுத்திய விசைப்பலகை எந்த வழியில் எழுதியதோ, யாருக்குத் தெரியும்? ‘கோயில்’ என்று தேடி ஒன்றும் கிடைக்காதவருக்கு ‘மருதமரத்தடி’ என்று தேடியதும் கிடைத்துவிடலாம். அபூர்வமான சொல்லாகவும் இருந்தால் தேவையற்ற விடைகள் குறையும். பழைய கோப்பு பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்றால், வட்டில் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். அந்த விசைகளையே தேடுங்கள்.

மூன்றாவது, அளவு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘க’ மூன்று, ‘கி’ ஆறு. எக்ஸ்ட்4 பிளாக் ஒன்று பொதுவாக 4096 பைட் என்பதால் ஒரு பிளாக்கில் 1,365 குறியீடுகளுக்கு மேல் அடங்காது. அதே நீளமுள்ள ஆங்கிலக் கதையைவிட உங்கள் சிறுகதை அதிகப் பிளாக்குகளில் பரவியிருக்கும். கதை திடீரென்று ஓர் எழுத்தின் பாதியில் அறுந்தால் பதறாதீர்கள்; பிளாக் முடிந்திருக்கிறது. அறுந்த இடத்துக்கு முந்தைய வரியை விட்டுவிட்டு, தொடர்ச்சியில் வரும் வேறொரு சொல்லைத் தேடுங்கள்.

இத்தனையும் வெறும் உரைக்குத்தான். ஓடிடி, வேர்டின் டாக்ஸ் கோப்புகள் சுருக்கப்பட்ட பொதிகள். அவற்றுக்குள் இருக்கும் சொல் ‘கிரெப்’புக்குத் தெரியாது, ஃபோட்டோரெக்தான் வழி.

எல்லாம் செய்தும் கிடைப்பது வெறும் சுழியங்கள்

வட்டு எஸ்எஸ்டியா? அப்படியானால் ட்ரிம் ஓடிவிட்டது. காலியான பிளாக்குகளை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வேலை அது. தெரிவித்த பிறகு பல எஸ்எஸ்டிகள் அந்த இடத்தைக் கேட்டால் சுழியத்தையே தரும். வீட்டில் செய்யக்கூடிய எதுவும் அதற்குப் பிறகு பலிக்காது. உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் ‘எஃப்எஸ்ட்ரிம்’ டைமர் வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் பிறக்கும் நள்ளிரவை ஒட்டி ஓடும்படி அமைந்திருக்கிறது. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், விட்டுப்போனதை அடுத்த முறை தொடங்கியதும் ஓட்டிவிடும். ஞாயிறு இரவு அழித்துவிட்டு, அணைத்து, ‘காலையில் நிதானமாகப் பார்க்கலாம்’ என்று திங்களன்று திறப்பவருக்கு அந்த நிதானமே வினையாகும். லைவ் லினக்ஸில் தொடங்குங்கள். அல்லது அழித்த கையோடு ‘சிஸ்டம்சிடிஎல்’ கொடுத்து ‘எஃப்எஸ்ட்ரிம்’ டைமரை நிறுத்துங்கள்.

‘டிஸ்கார்ட்’ விருப்பத்தோடு மவுண்ட் செய்திருந்தால் ட்ரிம் ஒரு வாரம்கூடக் காத்திருக்காது. லினக்ஸ் கர்னல் 6.2 முதல், எக்ஸ்ட்4 போன்ற இன்னொரு முறையான பிடிஆர்எஃப்எஸ் தானாகவே இதைச் செய்கிறது.

கேமராவின் மெமரி கார்டு, பென்டிரைவ்

இவற்றில் எக்ஸ்ட்4-க்குப் பதிலாகப் பெரும்பாலும் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் முறை இருக்கும். ஃபேட்டில் அழிப்பது இன்னும் மேலோட்டமானது: பெயரின் முதல் பைட்டை மாற்றிவிட்டு, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், தொடக்க இடமும் அளவும் பதிவில் இருக்கும். முதலில் டெஸ்ட்டிஸ்க் என்னும் மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள், பெயரோடு கிடைக்கலாம். கேமரா படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவதால் ஃபோட்டோரெக்கிலும் இங்கே நல்ல அறுவடை. கார்டை உடனே கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள், ‘இன்னும் ஒரே ஒரு படம்’ என்று எடுக்காதீர்கள்.

அழிக்கவில்லை, மேலெழுதிவிட்டேன்

கட்டளையில் பெரிதுக்குறியை (>) தவறாகப் போட்டோ, ‘சிபி’யில் இரண்டு பெயர்களை இடம் மாற்றியோ நடப்பது இது. மேலே சொன்ன கருவிகளில் நம்பிக்கை வைக்க வேண்டாம். திருத்தி விட்டுச்சென்ற, ‘~’ குறியில் முடியும் நகல்கள், லிப்ரேஆபிஸின் ‘பேக்கப்’ கோப்புறை, யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். கோப்பின் பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துபவர் கமிட் செய்யாவிட்டாலும் ‘கிட் ஆட்’ கொடுத்திருந்தால் பிழைத்தார். ‘கிட் எஃப்எஸ்சிகே’யுடன் ‘--லாஸ்ட்-ஃபவுண்ட்’ கொடுத்தால் பெயரில்லாமல் கிடைக்கும். காப்பு நகல் எடுக்கும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதன் அமைப்பை ஒருமுறை பார்க்கவும். நீங்களாகச் சேர்க்காவிட்டால் அது ஹோமில் உள்ள உங்கள் கோப்புகளைக் காப்பதில்லை, சிஸ்டத்தை மட்டுமே காக்கிறது. ஏன் இப்படி என்று எனக்கும் கோபம் உண்டு.

கோப்பு வந்துவிட்டது, ஆனால்…

அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக நம்பாதீர்கள். உரிய அளவுக்கு வெறும் சுழியங்கள் நிரம்பிய கோப்பும் உண்டு. ஒவ்வொன்றையும் திறந்து, கடைசிப் பக்கம்வரை பாருங்கள். தேட வேண்டியது எல்லாம் முடியும்வரை மீட்டதை மூல வட்டுக்குத் திருப்பி எழுதாதீர்கள். முடிந்ததும், நிறுத்தி வைத்த ‘எஃப்எஸ்ட்ரிம்’ டைமரை மறுபடி ஓட விடுங்கள். நான் ஒருமுறை மறந்து, ஆறு மாதம் கழித்து எஸ்எஸ்டி ஏன் இப்படி ஊர்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.